உன் மகள் பெயரை மாற்றியாகிவிட்டது

செல்லத் தம்பி குமாருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேராகச் சேதிக்கே வந்துவிடுகிறேன். உன் மகளின் பெயரை மாற்றிவிட்டார்கள். வஜ்ரிகா என்று இனி அவளை யாரும் கூப்பிடக் கூடாது. போன மாதம் குப்பம் டவுனில் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து காகிதம் எழுதி முடித்தாயிற்று.

மாற்றிவிட்டார்கள் என்று எழுதினால் யாரோ செய்தது மாதிரி இருக்கிறது. அந்தக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. தகப்பன் வழியில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஒரு பேச்சு வராது என்று உன் மாமியார் வீட்டில் கேட்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு, புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

நீ இருந்திருந்தால் தெருவே கேட்கும்படி என்னைத் திட்டியிருப்பாய். இரண்டரை வருஷமாக என்னை யாரும் அப்படித் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் என்னை எதுவும் சொல்வதில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று மரியாதை வேறு. அதனால்தான் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன். உனக்குப் பதிலாக அவர்களாவது திட்டட்டும்.

அந்தப் படம் பார்த்த நாளிலிருந்து சொல்கிறேன். சுஜாதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ரேணிகுண்டாவில் ரயிலையும் விமானத்தையும் விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதும் வருவதுமாக உன் பிழைப்பு. சவாரி இல்லாத ஒரு மத்தியானம் திருப்பதியில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பார்த்தாய். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அக்கா, பொட்டப் புள்ள பொறந்தா வஜ்ரிகா. முடிஞ்சி போச்சி" என்றாய்.

யார் அந்த வஜ்ரிகா என்று கேட்டது நான் செய்த தப்பு. ஒரு மணி நேரம் கதை சொன்னாய். காட்டில் வளர்ந்த ராஜகுமாரி, கறுப்புக் குதிரை, அவள் கையைத் தூக்கினால் ஒரு படையே அசையாமல் நிற்கும் என்று. சுஜாதா சோபாவில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாய் என்று உனக்கே தெரியாது. வண்டியின் பின்கண்ணாடி முழுக்கக் குதிரைமேல் அவள். பெருமாளைப் பார்க்க வந்த பக்தர்கள் உன் வண்டியில் ஏறினால் முதலில் அவளைத்தான் பார்க்க வேண்டும்.

நான் உன்னைக் கிண்டல் செய்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு இதில் அனுபவம் உண்டல்லவா? என் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தாலே ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் படம் ஓடியது என்று சொல்லிவிடலாம். ஒரு வருஷம் ஒரே கதாநாயகன் பெயரில் மூன்று பையன்கள். மூன்று மாவீரர்களுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். படத்தை ஊர் மறந்துவிடும், பெயர் மட்டும் அந்தப் பிள்ளை கழுத்தில் கடைசிவரைக்கும் தொங்கும் என்று உன்னிடம் சொன்னேன். உன் காதில் ஏறவில்லை.

கிண்டலுக்கு அடியில் எனக்கு வேறு ஆசை இருந்தது. நம் வீட்டில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்தான். அம்மா போய் அப்போது இரண்டு வருஷம். தனலட்சுமி என்று மறுபடியும் அந்த வீட்டில் ஒரு பெயர் கேட்க வேண்டும் என்று நான் ஏங்கினேன். அதை உன்னிடம் கேட்டபோது நீ கிண்டல் செய்யவில்லை.

"அம்மா பேரு வேணாங்க்கா" என்றாய். "அம்மா எப்பனா நிம்மதியா குந்திக்கினு துன்னுச்சா? யாரு கூப்ட்டாலும் தோ வந்துட்டேன்னு ஓடிக்கினே இருந்துச்சி. எம் பொண்ணு கூப்ட்டா மத்தவங்க ஓடி வரணும்."

நகரியில் தறி மேடையில் நின்று நின்றே நரம்பு சுருண்டுபோன காலோடு அம்மா செத்ததை எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நான் அதை அப்படிக் கேட்கவில்லை. அம்மாவின் பெயரே உனக்குக் கேவலமாகிவிட்டது, சினிமாக்காரி பெயர் உசத்தியாகிவிட்டது என்று மட்டும்தான் என் காதில் விழுந்தது. நீ அம்மாவை என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்பது எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று நீ இருந்தபோது எத்தனையோ முறை நினைத்தேன். சொல்லவில்லை.

பெயர் வைத்த அன்று தட்டில் அரிசியைப் பரப்பி, மஞ்சள் கொம்பால் தெலுங்கில் நீ வஜ்ரிகா என்று எழுதினாய். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாய். காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. நான் குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் காதில் தனலட்சுமி என்றேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன்.

அந்த நேரத்தில் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். முந்தின நாளே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன். ஊரெல்லாம் நீ வைத்த பெயரைக் கூப்பிடட்டும், சாமிக்கு முன்னால் அம்மா பெயர் இருக்கட்டும் என்று நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்.

"சரியா சொன்னியாக்கா?" என்று கேட்டாய். சொன்னேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டே என் வாயில் கல்கண்டைப் போட்டாய். அதை மென்று விழுங்கினேன், குமார்.

பிறகு அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்திப்போனது. எனக்கு முதலில் அதுவே எரிச்சல். நடக்கத் தொடங்கியதும் வீட்டை அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். உன் வண்டிச் சத்தம் கேட்டால் நைனா வந்தாச்சு என்று வாசலில் நின்று கையைத் தூக்குவாள், நீ அப்படியே நிற்க வேண்டும், அவள் கையை இறக்கினால்தான் உள்ளே வரலாம். மலை ஏறி இறங்கிக் களைத்துப்போனவன் வாசலில் சிலை மாதிரி நிற்பாய். நானும் வஜ்ரிகா என்றுதான் கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் வஜ்ஜி என்று ஆனது. காதில் சொன்னதை நானே மறந்து வந்தேன்.

அப்புறம் நீ போய்விட்டாய். ரேணிகுண்டாவில், விமானத்துக்காகக் காத்திருந்தபோது, வண்டி சீட்டிலேயே. முப்பத்து நாலு வயசு. நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவருக்காவது போன் செய்திருக்கக் கூடாதா? நீ தூங்குகிறாய் என்று நினைத்துச் சவாரிக்காரர்கள் ரொம்ப நேரம் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள். அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த வீட்டிலேயே அந்தப் பேச்சு ஆரம்பித்தது. முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அந்தப் படத்தில் ராஜகுமாரிக்கு அப்பா இல்லை. படம் தொடங்கின கொஞ்ச நேரத்தில் அவரைக் கொன்றுவிடுகிறார்கள், மிச்சப் படம் முழுக்க அவள் அதற்குப் பழி வாங்குகிறாள். நீ கதை சொன்னபோது இதையும்தான் சொன்னாய். நம் இரண்டு பேருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அப்பன் இல்லாதவள் பெயரைக் கொண்டுவந்து வைத்தான், இப்போது இதுவும் அப்பன் இல்லாத பிள்ளையாகிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். கருமாதிக்குள் அது முடிவான விஷயமாகிவிட்டது. உன் மாமியார் வாய்விட்டே சொன்னார், பேர் வைத்த அன்றே மாப்பிள்ளை தன் தலையில் தானே எழுதிக்கொண்டார் என்று.

மூன்று வயசுப் பிள்ளை அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையை அவளிடமிருந்து இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் சண்டை போட்டேன். சினிமாக் கதைக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். சினிமாப் பெயரே வேண்டாம் என்று உன்னிடம் மல்லுக்கு நின்றவள், அதே பெயருக்காக உன் பிணத்துக்குப் பக்கத்தில் மல்லுக்கு நின்றேன். டீச்சர் அப்படித்தான் பேசும் என்று போய்விட்டார்கள்.

சுஜாதா பிள்ளையோடு குடுபல்லியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். வேறு என்ன செய்வாள்? அங்கே போனதிலிருந்து பெயரை மாற்று, பெயரை மாற்று என்று ஒரே நச்சரிப்பு. ஜோசியர் வீட்டுக்கெல்லாம் போய்வந்தார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் பெயர், மாடு கன்று போடாவிட்டாலும் பெயர். சுஜாதா அசையவில்லை. அவர் வைத்த பேரு, நான் மாற்ற மாட்டேன் என்ற ஒரே வார்த்தையை இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப்போல் என்னால் நின்றிருக்க முடியாது.

இந்தக் கோடையில் சுஜாதாவின் தம்பிக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். வஜ்ஜிக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள், ஆரத்தித் தட்டோடு எல்லோரும் நின்றோம். பிள்ளை ஆசையாக எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"அத்த உள்ள இட்டுனு போங்க" என்றார் உன் மாமியார். அவளை என்று கூடச் சொல்லவில்லை, ஏதோ பொருள் மாதிரி அதை என்றார்.

யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பழக்கப்பட்டவள் மாதிரி தானாகவே உள்ளே நடந்தாள். ஐந்தரை வயசுக்கு அது பழக்கமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கட்டுப்பாடு போய்விட்டது.

கல்யாணக் கூட்டம் என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரை இவள் காதில் நான் சொல்லவே இல்லை, மூன்று தடவையும் எங்கள் அம்மா பெயரைத்தான் சொன்னேன், காதில் சொல்லாத பெயர் எப்படி ஒருத்தனைக் கொல்லும், பிள்ளையை விடுங்கள் என்றேன். அவர்கள் கணக்கிலேயே பேசி அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி உன் அக்கா.

உன் மாமியார் நிதானமாகக் கேட்டார். "அப்ப காதுல ஒண்ணு, வாயில ஒண்ணா? அதான் அவரு உசுரு நிக்கல."

அங்கே இருந்தவர்கள் முகத்திலெல்லாம் ஒரு தெளிவு வந்தது. வியாதி என்னவென்று தெரிந்துவிட்டது, இனி மருந்துதான் பாக்கி. காதில் விழுந்த பெயர்தான் நிஜப் பெயர், அதையே வைத்துவிட்டால் தோஷம் தீர்ந்தது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா பேர்தானே, உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று ஒரு பெரியவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே சுஜாதா வந்தாள். என்னை அடித்திருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவரு ஒன்ன கேட்டாரு அண்ணி" என்றாள். "சரியா சொன்னியான்னு கேட்டாரு. நா பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

"அவரு வச்ச பேருன்னுதான் இத்தினி நாளு எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிக்கினு இருந்தேன். அந்தப் பேரு அவளுக்கு வெக்கவே இல்லியே. இனிமே நா எதுக்கு நிக்கணும்?"

அது பொய்யென்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பேன்? நீ அரிசியில் எழுதியதுதான் பெயர், வாசலில் கை தூக்கியவள்தான் வஜ்ரிகா, நான் முணுமுணுத்தது ஒன்றுமே இல்லை என்று எத்தனையோ சொன்னேன். அத்தை காதில் சொல்வதுதான் பெயர் என்று நம்பி வளர்ந்தவள் அவள். நானும் அதை நம்பியதால்தானே அந்த வேலையைச் செய்தேன்? ஊர் முழுக்கச் சேர்ந்து இரண்டு வருஷம் இழுத்தும் அவள் கையிலிருந்து பிடுங்க முடியாத பெயரை, நான் ஒரே நாளில் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். காகிதம் எழுதுகிறோம், நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று போன் வந்தபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த முகமும் இல்லை.

ஆக, நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. உன் மகள் பெயர் தனலட்சுமி. அம்மா பெயர். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தேன். அம்மாவை நினைத்தே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவளைப் போய் இந்தப் பிள்ளைமேல் ஏற்றிவிட்டேன்.

போன வாரம் குடுபல்லிக்குப் போனேன். சுஜாதா காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஹாஜர் எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லையாம், காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நானும் என் வகுப்பில் சில பிள்ளைகளுக்குக் கவனம் போதாது என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?

ஆனால் வீட்டில் பதில் சொல்கிறாள். தனலட்சுமீ என்று உன் மாமியார் அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். "தோ வந்துட்டேன் ஆயா" என்று ஓடினாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட என் விரலைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். வேர்க்கடலைக் காட்டு ஓரமாக நடந்தோம். ஸ்கூலில் ஒரு பெண்ணுக்குப் பல் விழுந்ததைப் பற்றி நிறையச் சொன்னாள். நிறுத்தத்தில் நின்றபோது பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தே, நைனாவுக்கு என் புதுப் பேரு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"பழைய பேரச் சொல்லி யாரு கூப்ட்டாலும் திரும்பக் கூடாதுன்னு ஆயா சொல்லிக்கீது. நைனா கூப்ட்டா கூடவா?"

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார். நைனாவுக்கு நான் லெட்டர் எழுதிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் வஜ்ஜீ என்று கூப்பிட்டேன். கேட்டிருக்கும், பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவளிடம் சொன்னபடியே எழுதிவிட்டேன், குமார். நீ எங்கிருந்தாவது அவளைக் கூப்பிட்டு, அவள் திரும்பாமல் போனால், மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. திரும்பாமல் இருக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை ஒழுங்காகச் செய்கிறாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க நீ இல்லை, சுஜாதா கொடுக்க மாட்டாள். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். விவரம் தெரிந்த வயசில் என் பெயரை ஏன் மாற்றினார்கள் என்று அவள் கேட்பாள். ஆயாவையோ அம்மாவையோ ஜோசியரையோ காட்டிவிட்டு நான் ஒதுங்க மாட்டேன். உன் நைனா உனக்கு ஆசையாக வைத்ததை எடுத்தது உன் அத்தை என்று என் வாயால் சொல்வேன். அதற்கப்புறம் என்னை அத்தை என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

அதுவரைக்கும்
வஜ்ரிகாவின் அத்தை,
உன் அக்கா மல்லிகா,
புத்தூர்.